க்வாஃப் நிலுவையில் உள்ளது

டிரைவர் தண்ணீர் குடித்தார். அதிலிருந்துதான் ஆரம்பம்.

வெயில் ஏறிய நேரம். பேருந்து கடைசி நிறுத்தத்தில் நின்றிருந்தது. பயணிகள் இறங்கிவிட்டார்கள். டிரைவர் இருக்கைக்குப் பின்னாலிருந்த பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்தார். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே டிப்போ ஆய்வாளர் நின்றிருந்தார்.

ஆய்வாளருக்கு ஒரு பழக்கம் உண்டு. தினமும் காலையில் நாள்காட்டித் தாளைக் கிழிப்பார். தாளின் அடியில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்கும். அதை மனப்பாடம் செய்வார். மாலைக்குள் ஏதாவதொரு அலுவலகக் கடிதத்தில் அதைப் போட்டுவிடுவார். முந்தைய வாரம் 'லாய்ட்டர்' வந்தது, சும்மா சுற்றித் திரிவது. ஒரு மெக்கானிக்குக்கு மெமோ கிடைத்தது. அன்று வந்தது 'க்வாஃப்'. வினைச்சொல். குடிப்பது சம்பந்தப்பட்டது. காலையிலிருந்து ஆய்வாளர் குடிக்கிற ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.

'பணி நேரத்தில் ஓட்டுநர் க்வாஃப் செய்தார்' என்று அறிக்கை போனது. டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள்.

விசாரணை அதிகாரி நியாயமானவர் என்று பெயரெடுத்தவர். இரண்டு தரப்பையும் கேட்பார். பிறகு விதியைக் கேட்பார்.

"என்ன குடிச்சீங்க?"

"தண்ணி சார்."

"எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி சார்."

"யாராவது பார்த்தாங்களா?"

கண்டக்டர் எழுந்தார். "நான்தான் சார் தண்ணி பிடிச்சுக் கொடுத்தேன். மாமா பாவம் சார், காலையிலேர்ந்து தொண்டை வறண்டு…"

"மாமாவா?"

கண்டக்டர் டிரைவருடைய மனைவியின் தம்பி. அந்தச் சாட்சி அதோடு முடிந்தது.

அதிகாரி ஆய்வாளர் பக்கம் திரும்பினார். "நீங்க எழுதின சொல்லுக்கு என்ன அர்த்தம்?"

"எழுதினது நான் சார். அர்த்தம் சொல்றது என் பதவிக்கு மீறின விஷயம்."

"பாட்டிலையாவது வாங்கிப் பார்த்தீங்களா?"

"பொருத்தமான சொல் கையில இருந்துச்சு சார். பார்க்கணும்னு தோணலை."

அதிகாரி மேசையில் கிடந்த அகராதியைப் புரட்டினார். 'பெரிய மடக்குகளாக, விருப்பத்தோடு குடி. குறிப்பாக மதுவை' என்று போட்டிருந்தது. 'குறிப்பாக' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"இது கடையில விக்கிற புத்தகம். இதை நம்பி ஒருத்தர் வேலையை எடுக்கவும் முடியாது, கொடுக்கவும் முடியாது. வினைச்சொல் ஆய்வு நிறுவனம்னு ஒண்ணு இருக்கு. அவங்கதான் சொல்லணும். அந்தச் சொல்லுக்குள்ள பச்சைத் தண்ணி அடங்குமா, அடங்காதா? அடங்கும்னா உங்களுக்கு வேலை உண்டு. அடங்காதுன்னா நீங்க குடிச்சது வேற. அடுத்த விசாரணைக்குள்ள கேட்டுக்கிட்டு வாங்க."

வேலை போனால் டிப்போ குடியிருப்பும் போகும். டிரைவரின் மனைவி அந்தக் குடியிருப்பு முழுவதற்கும் துணி தைத்துக் கொடுப்பவள். வீடு மாறினால் அவள் வேலையும் போகும். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தண்ணி குடிச்சதுக்கா?"

"தண்ணின்னு இன்னும் நிரூபணம் ஆகலை."

"வேற ஏதாவது குடிச்சிருந்தா அன்னிக்கு வாசல்லயே நான் நிரூபிச்சிருப்பேனே."

"நீயும் சொந்தம். உன் சாட்சியும் செல்லாது."

மறுநாள் டிரைவர் நிறுவனத்துக்குப் போனார். பெரிய கட்டடம். முன்னால் தூண்கள். உள்ளே விளக்குகள் எரிந்தன, மின்விசிறிகள் ஓடின, நாற்காலி முதுகுகளில் கோட்டுகள் தொங்கின. ஆள் யாரும் இல்லை.

"ஆபீஸ் எப்போ திறப்பாங்க?" என்று காவலாளியிடம் கேட்டார்.

"திறந்துதானே இருக்கு."

"ஆளுங்க?"

காவலாளி தெருவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு டீக்கடை. நிறுவனம் அதன் பெஞ்சுகளில் பதவி வரிசையில் உட்கார்ந்திருந்தது. இயக்குநருக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலி.

டிரைவருக்கு விஷயத்தை விளக்கியவர் ஓர் எழுத்தர். கையில் கிளாஸ் இருந்ததால் நிதானமாக விளக்கினார்.

ஆங்கில வினைச்சொற்களின் பொருளையும் தோற்றத்தையும் அதிகாரபூர்வமாக முடிவு செய்வது நிறுவனத்தின் பணி. ஆங்கில அகர வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வார்கள். நிறுவனத்தின் முதல் விதி இது: ஆய்வில் இருக்கும் வினையை நிறுவனத்துக்குள் யாரும் செய்யக்கூடாது. செய்தால் ஆய்வு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கைப் பற்றி வெளியே பேசக்கூடாது இல்லையா, அதுபோல.

'பதில் சொல்' என்ற வினை ஆய்வில் இருந்த வருடங்களில் நிறுவனம் எந்தக் கடிதத்துக்கும் பதில் போடவில்லை. பொதுமக்கள் வித்தியாசம் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. 'மூச்சு விடு' வந்தபோது அன்றைய இயக்குநர் உடனடியாக விலக்கு ஆணை பிறப்பித்தார். நிறுவனத்தின் வரலாற்றில் வேகமான ஆணை அதுதான். 'அவசரப்படு' மிக நீண்டகாலம் ஆய்வில் இருந்தது. அதை முடிக்க யாராலும் அவசரப்பட முடியவில்லை.

இப்போது க்வாஃப்.

"க்வாஃப்னா என்னன்னு இன்னும் முடிவாகலை. அதனால நாம குடிக்கிறதுல எது க்வாஃப், எது க்வாஃப் இல்லைன்னு சொல்ல முடியாது. முன்னெச்சரிக்கையா உள்ளே யாரும் எதையும் குடிக்கிறதில்லை. தாகம் எடுத்தா வெளிய வந்துதான் ஆகணும்" என்றார் எழுத்தர்.

"தாகம் எப்போ சார் எடுக்கும்?"

"வருகைப் பதிவுல கையெழுத்துப் போட்டதும்."

"எப்போ தீரும்?"

எழுத்தர் டிரைவரைப் பார்த்தார். பிறகு கிளாஸைப் பார்த்தார். "அதுக்குத் தனி வினை இருக்கு. அது இன்னும் வரலை."

டீக்கடைக்காரர் அடுத்த கிளாஸை வைத்தார். "இவரு எதுக்கு வந்திருக்காரு சார்?"

"முடிவு கேட்டு வந்திருக்காரு."

டீக்கடைக்காரர் முகம் மாறியது. டிரைவரிடம் குனிந்து மெதுவாகப் பேசினார். "அண்ணே, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்தச் சொல்லை விட்டுடுங்க. வேற ஏதாவது சொல் எடுத்துக்கங்க."

"நான் எடுக்கலைங்க. என் மேல போட்டது."

"போன இயக்குநர் காலத்துல ஒருத்தர் முடிவை நெருங்கிட்டாரு. நல்ல மனுஷன். சர்க்கரை இல்லாமதான் குடிப்பாரு. அப்புறம் என்னாச்சு? மாத்திட்டாங்க."

இயக்குநர் டிரைவரின் மனுவை வாங்கிப் படித்தார். மகிழ்ச்சி அடைந்தார். இத்தனை காலத்தில் அந்தச் சொல்லால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட மனிதர் ஒருவர் கிடைப்பது இதுதான் முதல் தடவை. டிரைவரைப் 'பயன்பாட்டுச் சாட்சி' என்று வகைப்படுத்திக் குழுக் கூட்டத்துக்கு அழைத்தார்.

கூட்டம் மண்டபத்தில் நடந்தது. நீளமான மேசை. மேசையில் கிளாஸ்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அடிப்பாகங்களில் தூசி படியும் அளவுக்கு நாளாகக் கவிழ்ந்திருந்தன.

இயக்குநர் பேசினார்.

"நண்பர்களே, ஒரு சொல்லோட பொருள் என்னன்னு கேக்கறாங்க. நான் திருப்பிக் கேக்கறேன். அந்தச் சொல் எங்க பிறந்துச்சு? பிறப்புச் சான்றிதழ் இல்லாத ஒருத்தருக்கு அடையாள அட்டை கொடுப்பீங்களா? மாட்டீங்க. நாமும் கொடுக்க மாட்டோம். இந்தச் சொல்லை நான் இளைஞனா சேர்ந்த அன்னிக்குப் பார்த்தேன். இன்னிக்கும் அதே நிலையில இருக்கு. ஒரு கீறல்கூட விழலை. அதுதான் இந்த நிறுவனத்தோட சாதனை. வருஷக் கடைசியில நான் ஓய்வு பெறணும்னு சொல்றாங்க. இப்படிப்பட்ட சமயத்துல என்னால எப்படிப் போக முடியும்னு நீங்களே சொல்லுங்க."

யாரும் சொல்லவில்லை. கைதட்டினார்கள்.

நிறுவனத்தில் இரண்டு கட்சிகள் இருந்தன. ஒரு கட்சி, க்வாஃப் என்பது குடிக்கும்போது தொண்டையில் எழும் சத்தத்திலிருந்து பிறந்த சொல் என்றது. அதன் தலைவரை எல்லோரும் 'மடக் மடக்' என்று அழைத்தார்கள். இன்னொரு கட்சி, வடக்கு ஜெர்மனியில் அளவுக்கு மீறி உண்டு குடிப்பதைக் குறித்த ஒரு சொல்லை யாரோ பழைய எழுத்தில் தவறாகப் படித்ததால் வந்தது என்றது. அதன் தலைவர் எதைக் கொடுத்தாலும் இரண்டு தடவை படிப்பார். அவரை 'பூதக்கண்ணாடி' என்றார்கள். இரண்டு பேரும் டீக்கடையில் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். மண்டபத்தில் பேசிக்கொள்வதில்லை.

மடக் மடக் எழுந்தார். "சாட்சி அன்னிக்கு எப்படிக் குடிச்சாரோ அப்படியே செஞ்சு காட்டணும்."

டிரைவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். மண்டபம் பதறியது.

"தண்ணி இருக்கா?"

"இருக்கு சார்."

"கொட்டுங்க, கொட்டுங்க. வெளிய போய்க் கொட்டிட்டு வாங்க."

டிரைவர் வெளியே போய்ச் செடிக்கு ஊற்றிவிட்டு வந்தார். காலிப் பாட்டிலை வாயில் வைத்து அண்ணாந்தார். குழு அவருடைய தொண்டையைச் சுற்றி நின்றது. ஒருவர் அளவு நாடாவை வைத்துப் பார்த்தார். மடக் மடக் காதைக் கொடுத்தார்.

"சத்தம் வரலையே."

"தண்ணி இல்லாம எப்படி சார் சத்தம் வரும்?"

மடக் மடக் பெருமூச்சு விட்டார். "அதைத்தான் நாங்களும் இத்தனை வருஷமா ஆராய்ஞ்சுக்கிட்டு இருக்கோம்."

"தெருவுல நின்னு குடிக்கட்டுமா சார்? அங்கே தடை இல்லையே. நீங்க எல்லாரும் பார்க்கலாம்."

இயக்குநர் பொறுமையாகத் தலையை ஆட்டினார். "வெளிய நடக்கிறது எங்க அதிகார எல்லைக்குள்ள வராது. உள்ள நடந்தா அது குற்றம். வெளிய நடந்தா அது வெறும் தாகம்."

பூதக்கண்ணாடி ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க மூதாதையர் யாராவது வடக்கு ஜெர்மனிப் பக்கம்?"

"எங்கப்பா லாரி ஓட்டினார் சார்."

"எந்தப் பக்கம்?"

"சொல்ற பக்கமெல்லாம்."

பூதக்கண்ணாடி அதைக் குறித்துக்கொண்டார். சாத்தியத்தை மறுக்க முடியாது என்றார்.

இப்படிப் பல கூட்டங்கள் நடந்தன. ஒரு கூட்டத்தில் காலிப் பாட்டிலின் வடிவம் பற்றிப் பேசினார்கள். ஒரு கூட்டத்தில் முந்தைய கூட்டத்தைப் பற்றிப் பேசினார்கள். டிரைவரைப் பேருந்து இருக்கைக்குப் பதில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்டியரிங்குக்குப் பதில் ஒரு சாப்பாட்டுத் தட்டைப் பிடிக்கச் சொன்னார்கள். எதற்கென்று அவர் கேட்டார். சூழல் என்றார்கள். வீட்டில் மனைவி தைப்பதற்குப் புதுத் துணி வாங்கிக்கொள்வதை நிறுத்தியிருந்தாள். பாதியில் இருந்ததை மட்டும் முடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சொல்றாங்க?"

"தொண்டை நல்லா இருக்குன்னு சொல்றாங்க."

"அதுக்கு டாக்டர் இருக்காரே. வேலை இருக்கா இல்லையா?"

"அதைக் கேக்கற கூட்டம் இன்னும் வரலை."

விசாரணைக்கு முந்தைய நாள் கடைசிக் கூட்டம். முடிவு வரும் என்று எழுத்தர் சொல்லியிருந்தார். டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். அன்று மின்சாரம் இல்லை. மண்டபம் அடுப்பாக இருந்தது. இயக்குநர் முன்னுரையைத் தொடங்கினார். குடித்தல் என்பது மனித இனத்தின் பழமையான செயல்களில் ஒன்று என்றார். நீரோடைகளைப் பற்றிப் பேசினார். மலையிலிருந்து விழும் அருவியைப் பற்றிப் பேசினார். குளிர்ந்த மண்பானையைப் பற்றி விரிவாகப் பேசினார். நிறுவனத்தினர் ஒருவர் பின் ஒருவராக எழுந்து வெளியே போய்ச் சற்று நேரம் கழித்து உதட்டைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள். சாட்சி மட்டும் எழுந்து போகக்கூடாது. சாட்சியின் தொண்டை முதலில் ஒட்டியது. பிறகு எரிந்தது. நாக்கு மரக்கட்டையாக இருந்தது.

இயக்குநரின் பேச்சு மழைக்கு வந்தது.

டிரைவர் பையைத் திறந்தார். பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அண்ணாந்தார்.

மண்டபத்தில் அந்தச் சத்தம் கேட்டது. பல வருடங்களாக அங்கே கேட்காத சத்தம். மடக், மடக், மடக். மடக் மடக் எழுந்து நின்றுவிட்டார். அவர் கண் கலங்கியது. "வந்துடுச்சு" என்றார், யாரிடமும் இல்லாமல்.

இயக்குநர் மேசையில் ஓங்கி அடித்தார். கவிழ்ந்த கிளாஸ்கள் துள்ளின.

"க்வாஃப்! க்வாஃப் பண்றான்! என் மண்டபத்துல, என் கண்ணு முன்னாடி!"

"தாகம் சார்" என்றார் டிரைவர்.

"குடு அதை!" இயக்குநர் பாட்டிலைப் பிடுங்கினார். மூக்கருகே கொண்டுபோனார். மோந்து பார்த்தார். மறுபடி மோந்து பார்த்தார். "நாளைக்கு விசாரணைக்கு நானே வரேன். எந்தக் குழுவையும் அனுப்ப மாட்டேன். நானே வரேன்."

டிரைவர் அன்று இரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் மெஷினுக்கு உறை போட்டுக் கட்டினாள்.

மறுநாள் இயக்குநர் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். விசாரணை அதிகாரி எழுந்து நின்று வரவேற்றார். ஆய்வாளர் இயக்குநருக்கு நாற்காலியைத் துடைத்துக் கொடுத்தார். கண்டக்டர் கடைசியில் சுவரோடு சுவராக நின்றார்.

"சார், சான்று கொண்டுவந்திருக்கீங்களா?" என்றார் அதிகாரி.

"சான்றா? நான் புகார் கொண்டுவந்திருக்கேன். இந்த ஆள் நேத்து எங்க மண்டபத்துல க்வாஃப் செஞ்சார். எங்க முதல் விதியை உடைச்சார். நிறுவனம் தொடங்கின நாளிலேர்ந்து இப்படி நடந்ததில்லை."

ஆய்வாளர் தலையை ஆட்டினார். "பழக்கம் சார் இவருக்கு."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "ஒரு நிமிஷம். இவர் செஞ்சது க்வாஃப்தானா? வெறுமனே குடிச்சதா இருக்கலாம் இல்லையா? அப்படின்னா உங்க விதியை மீறினதா ஆகாதே."

இயக்குநர் சிவந்தார். "ஆகாதா? வெளியாள் ஒருத்தன் உள்ள வந்து எங்க விதியை உடைச்சிருக்கான். அது விதியை உடைச்சதே இல்லைன்னு சொல்றீங்களா?"

"நான் சொல்லலை சார். நீங்கதான் சொல்லணும். க்வாஃப்தானா?"

"க்வாஃப்தான். முழுமையான, அப்பட்டமான க்வாஃப். என் வாழ்நாள்ல இப்படி ஒரு க்வாஃபைப் பார்த்ததில்லை."

"நிறுவனத்தோட இயக்குநரா, அதிகாரபூர்வமாச் சொல்றீங்க."

"இயக்குநராத்தான் சொல்றேன். எழுதிக்கங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். "என்ன குடிச்சார்?"

"தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"பச்சைத் தண்ணி. பாட்டிலை நானே பிடுங்கி மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை."

அறையில் மின்விசிறி சுற்றியது. சுவரோரம் நின்ற கண்டக்டர் முதலில் புரிந்துகொண்டார். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்து ஆய்வாளருக்குப் புரிந்தது. அவர் துடைத்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநருக்குக் கடைசியில் புரிந்தது.

"சார்," என்றார் அதிகாரி மரியாதையாக, "வேணும்னா புகாரைத் திரும்ப வாங்கிக்கலாம். அப்போ விதி மீறல் நடக்கலைன்னு ஆகிடும். நீங்க சொன்னதும் இல்லைன்னு ஆகிடும்."

இயக்குநர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். டிரைவர் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விதி உடைஞ்சது உடைஞ்சதுதான்" என்றார் இயக்குநர். "நிறுவனத்தோட மானத்தை விட்டுக்கொடுக்க முடியாது."

டிரைவர் மறுநாள் வேலைக்குத் திரும்பினார். மனைவி மெஷின் உறையைக் கழற்றினாள்.

க்வாஃப் அகராதியில் ஏறியது. பொருள்: தண்ணீர் குடி. தோற்றம்: மண்டபம். இரண்டு கட்சிகளும் அதை ஏற்கவில்லை, ஆனால் இயக்குநர் அதிகாரபூர்வமாகச் சொன்னதை மாற்றுவதற்கு விதி இல்லை. நிறுவனத்துக்குள் தண்ணீர் இயந்திரமும் தேநீர் இயந்திரமும் வந்தன. ஆட்கள் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். என்ன செய்வதென்று சில நாட்கள் யாருக்கும் தெரியவில்லை. எதிர்க் கடையில் பெஞ்சுகளை அடுக்கிவிட்டார்கள். டீக்கடைக்காரர் பேருந்து போகும்போதெல்லாம் டிரைவரைப் பார்த்து, "நல்லா இருங்க அண்ணே, நல்லா இருங்க" என்று சத்தம் போடுவார். அது வாழ்த்து போல இருக்காது.

ஒரு மாலை எழுத்தர் பேருந்தில் ஏறினார். ஓட்டுநருக்குப் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"அடுத்து என்ன சார் சொல்?" என்று கேட்டார் டிரைவர்.

"வரிசைப்படி வேற ஒண்ணு வந்திருக்கணும். இயக்குநர் வரிசையை மீறி ஒண்ணை எடுத்திருக்கார். அவசரமாம். 'க்விட்'."

"அப்படின்னா?"

"வேலையை விட்டுப் போறது. முடிவாகுற வரைக்கும் யாரும் அதைச் செய்யக்கூடாது. வருஷக் கடைசியில ஓய்வு பெற வேண்டியவர் இனி பெற முடியாது. விதி."

"பெரிய தியாகம் சார்."

"சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீட்டுக்குப் போறதும் அதுல அடங்குமான்னு ஒரு துணைக்குழு உட்கார்ந்திருக்கு. முடிவு வர்றதுக்குள்ள நான் பஸ் ஏறிட்டேன்."

டிரைவர் அதை வீட்டில் சொன்னார். மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்.

"அந்த விதியை உங்க டிப்போவுல முன்னாடியே போட்டிருந்தா? யாரையும் வேலையை விட்டு அனுப்ப முடியாம இருந்திருக்குமே."

"அனுப்புறது வேற வினை" என்றார் டிரைவர். இப்போதெல்லாம் அவர் இப்படித்தான் பேசினார்.

மறுநாள் வெயில் ஏறிய நேரம். கடைசி நிறுத்தம். பயணிகள் இறங்கிவிட்டார்கள். டிரைவர் பாட்டிலை எடுத்தார். எதிரே ஆய்வாளர் நின்றிருந்தார். சட்டைப் பையில் நாள்காட்டித் தாள் துருத்திக்கொண்டிருந்தது.

"மாமா," என்றார் கண்டக்டர் மெல்ல, "வேண்டாம்."

டிரைவர் மூடியைத் திருகினார். அண்ணாந்து குடிக்கவில்லை. தலையை நேராக வைத்துக்கொண்டு, உதட்டை நனைக்கும் அளவு, கொஞ்சம் கொஞ்சமாக, சத்தம் வராமல் குடித்தார்.

ஆய்வாளர் தாளை எடுத்துப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.